புயலில் அழிந்த ஆலயத்தைப் படம் பிடித்தல்

ரஞ்சன்குடிக் கோட்டைக்குச் சென்று படம் பிடித்துவரும் நம் மாணாக்கருட் பலர், இடிந்த கட்டடத்தைப் படம் பிடிப்பது எளிதென்று எண்ணுகின்றனர். அசையாது நிற்கும் சுவருக்குத் தனிக் கலை எதற்கென்பது அவர்தம் கேள்வி. தனுஷ்கோடித் தேவாலயத்தை உதாரணமாகக் கொண்டு அதற்கு விடை கூறப் புகுகின்றோம்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய பெரும்புயலும், உடனெழுந்த கடற்பெருக்கும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து அவ்வூரை நோக்கி வந்த ரயில்வண்டி பிரயாணிகளோடு அலைகளில் அமிழ்ந்தது. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பலேறும் துறையாய் விளங்கிய அவ்வூர், மக்கள் வாழத் தகாததென அரசாங்கத்தாரால் கைவிடப்பட்டது. ஆலயமோ கூரையிழந்து, பவளக்கற் சுவர்களே எஞ்சியதாய் மணல்வெளியில் நிற்கின்றது.

இத்தகைய இடத்தில் படம் பிடிப்போன் ஒரு சாட்சியே ஆவான். சாட்சி பிறழ்ந்தால் உண்மை கெடும். கேமராவை அண்ணாந்து பிடித்தால், நேராக நிற்கும் சுவர் பின்னே சாய்ந்தாற்போலப் படத்தில் தோன்றும். வேறு கட்டடமாயின் அஃது அழகுக்குறை மாத்திரமே. இங்கோ காண்போர் அச்சாய்வையும் புயலின் செயலென நம்பிவிடுவர். ஆகவே சற்றுத் தொலைவிற் சென்று, கேமராவைச் சமமாக நிறுத்துதல் வேண்டும்.

இரண்டாவது, ஒளி. வெண்மணலின் பிரகாசம் கேமராவின் ஒளிமானியை ஏமாற்றுவதால் படம் கருத்துவிடும். அது காட்டும் அளவினும் இருமடங்கு ஒளி கொடுத்துப் பார்க்க. நண்பகல் வெயிலைத் தவிர்த்துக் காலை மாலைகளிற் சாய்ந்து விழும் வெயிலைக் கொண்டால், பவளக்கல்லின் நுண்ணிய வரிகளும் அரிப்புகளும் தெளிவுறும். புயலின் பயங்கரத்தைக் காட்டவெனப் படத்தை வேண்டுமென்றே கருக்குவாரும் உளர். அது நாடகமாகுமேயன்றிச் சாட்சியாகாது.

மூன்றாவது, குறிப்பு. சுவரருகே ஓர் அளவுகோலை நிறுத்துக. நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை ஆகிய நான்கையும் எழுதிவைக்க. பின்னொரு நாள் வேறொருவர் அவ்விடத்திலேயே நின்று படம் பிடித்து ஒப்பிடுதற்கு இவை உதவும். அன்று புயல் இடித்தது ஒரு பகுதி; அதன்பின் உப்புக்காற்றும், ஏறி மிதிக்கும் மனிதரும் அழித்தது மற்றொரு பகுதி. ஒப்பிடாவிடின் பிற்பட்ட குற்றமெல்லாம் அவ்வொரு இரவின் தலையிலேயே ஏறும். நாமும் சுவரைக் காக்கும் கடமையினின்று எளிதில் தப்பித்துக்கொள்வோம்.

இவற்றைப் பழகத் தனுஷ்கோடி வரை செல்ல வேண்டுவதில்லை. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத நிலப்பகுதியில் நிற்கும் நம் ரஞ்சன்குடிக் கோட்டையே நல்ல பள்ளிக்கூடமாம். அங்குள்ள ஒவ்வோர் உடைப்பின்முன்னும் நின்று, இது போராற் கெட்டதோ, மழையாற் கெட்டதோ, மனிதர் கைபட்டுக் கெட்டதோ என்று ஆராய்ந்த பின்னரே கேமராவைத் திறத்தல் நன்று.

தனுஷ்கோடிக்குச் செல்லும் காலத்து மற்றொன்றும் மறவற்க. அங்கு மாண்டோருடைய உறவினர் இன்றும் உளர். மீனவக் குடும்பங்களும் ஆண்டு வாழ்கின்றன. அவர்களைப் படம் பிடிக்குமுன் அனுமதி கேட்க. சுவர்மேல் ஏறற்க, ஒரு சிறு பவளக்கல்லையும் நினைவுப்பொருளாக எடுத்து வரற்க. நாம் அங்கிருந்து கொண்டுவரத் தகுந்தது படம் ஒன்றே.