பாட்டு கசந்துபோனால் அது நோயா?

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 47. கும்பகோணத்திலிருந்து தினமும் ரயிலில் தஞ்சாவூருக்குப் போய் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பாட்டுதான் துணை. காலையில் சமையலறையில் எஃப்.எம்., ரயிலில் இயர்போன், ஆபீசில் ஃபைல் பார்க்கும்போதுகூட ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இளையராஜா பாட்டு என்றால் தொடக்க இசையைக் கேட்டதுமே என்ன படம் என்று சொல்லிவிடுவேன்.

கொஞ்ச மாதமாக எந்தப் பாட்டுமே பிடிக்கவில்லை. உயிராக நினைத்த பாட்டும் வெறும் சத்தமாகத்தான் காதில் விழுகிறது. சில சமயம் எரிச்சலும் வருகிறது. ரயிலில் யாராவது செல்போனில் சத்தமாகப் பாட்டு வைத்தால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறேன். பழைய ஆசை வந்துவிடாதா என்று தினம் ராத்திரி அதே நாலைந்து பாட்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. "ஏம்மா இப்பல்லாம் பாட்டே போடறதில்ல?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சாப்பாடு, தூக்கம் எல்லாம் பரவாயில்லை. மகளோடு அரட்டை அடிக்கிறேன், சிரிக்கிறேன். கோலம் போடுவது முன்பு போலவே பிடிக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். மாதவிலக்கு ஒரு வருடமாக முன்னேபின்னே வருகிறது. இசையை ரசிக்க முடியாத மூளைக் குறைபாடு ஒன்று இருப்பதாகப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. அப்போதும் பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அதனால் அது காரணமாக இருக்காது. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று அலைந்ததில் அழக்கூட நேரமில்லை. இப்போதுதான் எல்லாம் முடிந்தது. என் பாட்டு எனக்குத் திரும்பி வருமா?

— வாசகி, கும்பகோணம்

பதில்:

சகோதரி, வரும் என்றே நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

பாட்டு பிடிக்கவில்லை என்று ஒருவர் வந்தால், "வேறு என்னவெல்லாம் பிடிக்கவில்லை?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். சாப்பாடு ருசிக்கவில்லை, பிள்ளைகள் பேசினால் காதில் ஏறவில்லை, விடியற்காலையில் விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்கவில்லை, குளித்து உடை மாற்றுவதே பெரும்பாடாக இருக்கிறது என்று பதில் வந்தால், அங்கே பிரச்சினை பாட்டில் இல்லை. அது மனச்சோர்வு நோய். எல்லா இன்பமும் ஒன்றாக வற்றும்போது அதில் பாட்டும் வற்றியிருக்கிறது. பாட்டுப் பிரியர்களுக்கு மற்றவற்றைவிட அதுதான் முதலில் கண்ணில் படும். நீங்கள் சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள், மகளோடு சிரிக்கிறீர்கள், கோலம் போடப் பிடிக்கிறது என்கிறீர்கள். மனச்சோர்வு நோய் பற்றியிருந்தால் பெரும்பாலும் கோலத்தையும் விட்டுவைத்திருக்காது.

நீங்கள் படித்துப் பயந்த குறைபாடு உண்மையில் உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஆரோக்கியமான சிலருக்கு மற்ற இன்பங்களில் குறையில்லை. பணம் கிடைத்தால் மகிழ்கிறார்கள். காதும் நன்றாகக் கேட்கிறது. பாட்டு சோகமானதா, மகிழ்ச்சியானதா என்றும் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் பாட்டு அவர்களை எதுவும் செய்வதில்லை. அவர்களின் இயல்பே அப்படி. விவரம் தெரிந்த நாள் முதல் பாட்டே துணையாக இருந்த உங்களுக்கு அந்தக் குறைபாடு பொருந்தாது. பக்கவாதம் போன்ற மூளைப் பாதிப்புக்குப் பிறகு அபூர்வமாகச் சிலருக்கு இசை இன்பம் போவதுண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி எண்ண இடமே இல்லை.

இனி உங்கள் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். அவர் இறந்த நாட்களிலும் பாட்டு கேட்டேன், அதனால் அது காரணமில்லை என்கிறீர்கள். அங்கே நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. துக்கம் பதினாறாம் நாள் காரியத்தோடு முடிந்துவிடுவதில்லை. தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் கருவூலத்துக்கும் அலைந்த நாட்களில் உங்களுக்கு அழ நேரமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டின் மூத்த பெண்கள், பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவர்கள், பலருக்கும் இப்படித்தான் நடக்கிறது. கையெழுத்து வாங்க வேண்டிய கடைசித் தாளும் முடிந்த பிறகுதான் துக்கம் உள்ளே வந்து உட்காருகிறது.

அந்தச் சமயத்தில் பாட்டு ஆபத்தான பொருளாகிவிடுகிறது. உங்களுக்குப் பிடித்த பாட்டுகளில் எத்தனை அப்பா இருந்த வீட்டில் கேட்டவை என்று எண்ணிப் பாருங்கள். அவர் ரேடியோவைத் திருகிய விதம், சாய்வு நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் அந்த மெட்டுக்குள்தான் இருக்கின்றன. கேட்டால் உடைந்துவிடுவோம் என்று மனத்துக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே கதவைச் சாத்திவிடுகிறது. வலியை வெளியே நிறுத்தச் சாத்திய கதவு இன்பத்தையும் வெளியே நிறுத்திவிடும். உங்கள் நிலையைப் பெருமளவு இதுவே விளக்கும் என்பது என் கணிப்பு.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலச் சிந்தனையாளரின் சுயசரிதையில் இதற்கு நெருக்கமான அனுபவம் ஒன்று வருகிறது. சிறு வயது முதல் இசையில் ஈடுபாடு கொண்டவர் அவர். 1826-ல், இருபது வயதில், திடீரென்று எதிலும் பற்றில்லாமல் போனது. இசையிடம் மறுபடி மறுபடி போய் ஆறுதல் தேடினார், கிடைக்கவில்லை. பல மாதம் கழித்து, பிரெஞ்சு எழுத்தாளர் மார்மோந்தெலின் நினைவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் தந்தை இறந்துபோன வீட்டையும், அந்தக் குடும்பத்துக்கு இனி எல்லாமாகவும் நானே இருப்பேன் என்று சிறுவன் எழுந்து நிற்பதையும் படித்தபோது மில்லுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகைக்குப் பிறகுதான் பாரம் குறையத் தொடங்கியது. இசையும் திரும்பியது. அப்போது அவருக்குப் பேரின்பம் தந்தது அவர் முதன்முறையாகக் கேட்ட ஒன்று: வெபர் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் 'ஓபரான்' இசை நாடகம். மனம் முழுதாகத் தேறுவதற்குள் அவருக்கு விசித்திரமான கவலை ஒன்றும் வந்தது. ஸ்வரங்கள் சிலவே, அவற்றைக் கோத்து உண்டாக்கும் மெட்டுகள் ஒருநாள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று வருந்தினாராம்! இசை கைவிட்டுவிடுமோ என்ற பயம் எவ்வளவு பெரிய அறிவாளியையும் ஆட்டிவைக்கும்.

மில்லின் கதையில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு இருக்கின்றன. முதலாவது, அழுகை. அப்பாவைப் பற்றி அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். பாட்டு வேண்டாம், பேச்சு போதும். பழைய போட்டோவை எடுங்கள், அவர் பேசும் விதத்தை மகளுக்குச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம். இரண்டாவது, தேடித் தேடிப் போனபோது மில்லுக்கும் இசை ஆறுதல் தரவில்லை; அதனால் தினம் ராத்திரி நீங்கள் நடத்தும் சோதனையை இன்றோடு நிறுத்துங்கள். அதே நாலைந்து பாட்டைப் போட்டு, "வருகிறதா, வருகிறதா" என்று உங்களையே கவனித்துக்கொண்டிருந்தால் பாட்டைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

பாட்டு சலித்துப்போவதற்கு மூளையின் இயல்பிலும் விளக்கம் இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மெய் சிலிர்க்க வைக்கும் இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் சுரக்கிறது என்று காட்டினார்கள். சிலிர்ப்பு வரும் கணத்தில் மட்டும் இல்லை. அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலேயே, மூளையின் வேறொரு பகுதியில், சுரப்பு நடக்கிறது. தொடக்க வயலின் முடிந்து பல்லவி வருவதற்கு முன் உங்களுக்குள் ஒரு துள்ளல் இருந்ததே, அதுதான். காத்திருப்பு இல்லாவிட்டால் சிலிர்ப்புக்குப் பாதி பலம் போய்விடும். காலை எஃப்.எம்., ரயில், ஆபீஸ், ராத்திரி என்று நாள் முழுவதும் ஓடும் பாட்டில் காத்திருக்க எங்கே இடம்? ஃபைல் பார்க்கும்போது ஒரு காதில் ஓடுவதை நான் கேட்பது என்றே சொல்ல மாட்டேன். பாட்டு என்பது கவனிக்கத் தேவையில்லாத ஒன்று என்று இத்தனை வருடமாக மூளைக்கு நீங்களே பழக்கம் கொடுத்துவிட்டீர்கள். துக்கம் இல்லாவிட்டாலும் என்றாவது சலித்திருக்கும்.

ஆகவே ஒரு மாதத்துக்கு எஃப்.எம். வேண்டாம், இயர்போனும் வேண்டாம். ரயிலில் ஜன்னலோரம் சும்மா உட்காருங்கள். பிறகு, பதிவு செய்யப்படாத இசை எதையாவது, நீங்கள் இதுவரை கேட்காத ஒன்றை, நேரில் கேளுங்கள். உங்கள் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. மேள இயந்திரம் இல்லாமல், மனிதர் வாசிக்கும் நாகஸ்வரம் இன்னும் ஒலிக்கிற கோயிலாகப் பார்த்துச் சாயரட்சை நேரத்தில் போங்கள். பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டாம். சீவாளியை உதட்டில் வைத்துச் சரிபார்ப்பதையும், தவில்காரர் விரலில் கூடு மாட்டுவதையும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், போதும். வாசிப்பவரைக் கண்ணால் பார்க்கும்போது கவனம் தானாகக் கூடும். மகளுக்கும் ஒரு வார்த்தை: "ஏன் பாட்டு போடவில்லை" என்று அம்மாவைக் கேட்காதே, மகளே.

உடம்பையும் பார்த்துவிட வேண்டும். பாட்டு "வெறும் சத்தமாக" விழுகிறது என்று எழுதியிருப்பதால் காதுப் பரிசோதனை அவசியம். காது மங்கத் தொடங்கும்போது எல்லாருக்கும் ஒலி குறைவதில்லை. சிலருக்கு இசை கரகரப்பாகவும், சத்தம் சட்டென்று தாங்க முடியாததாகவும் ஆகிறது. அப்போது இசை பிடிக்காமல் போவதில் வியப்பில்லை. ரயில் இரைச்சலை மீற இயர்போனில் ஒலியைக் கூட்டி வைப்பதுதான் இதில் பெரிய எதிரி. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 90 டெசிபல் ஆனால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுப்பார்கள். வலி இல்லாத பரிசோதனை; சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்த்து நாளாகியிருந்தால் மறுபடி பாருங்கள். மாத்திரையின் அளவு குறைந்தால் மந்தமும், கூடினால் படபடப்பும் எரிச்சலும் வரும். மாதவிலக்கு நிற்கப்போகும் வருடங்களிலும் காரணமில்லாத எரிச்சல் சகஜம். மகப்பேறு மருத்துவரிடம் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்காக மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் சோகத்தோடு சேர்த்து மகிழ்ச்சியையும் மழுக்கிவிடுவது உண்டு. வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமசெபைன், அபூர்வமாகச் சிலருக்கு, கேட்கும் ஸ்ருதியையே ஏறத்தாழ அரை ஸ்வரம் இறக்கிக் காட்டும். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இதனால் குழம்பிப்போவார்கள். மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

சகோதரி, ஆடியோகிராமையும் டி.எஸ்.எச். பரிசோதனையையும் இந்த மாதமே முடித்துவிடுங்கள். கோலமும் மகளோடு பேசும் பேச்சும் பாட்டைப் போலவே கசக்கத் தொடங்கி, அந்த நிலை இரண்டு வாரம் நீடித்தால், காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே இருப்பார். போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம். அரசு நடத்தும் சேவை. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.