ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஹோம் ஒர்க்... தேவைதானா?

"டாக்டர், ஞாபக சக்திக்கு நல்ல லேகியமா ஒண்ணு கொடுங்க. எவ்வளவு படிச்சாலும் இவளுக்கு மண்டையில நிக்க மாட்டேங்குது!"

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்து இப்படித்தான் ஆரம்பித்தார். பெண்ணுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. கண்களுக்குக் கீழே கருவளையம், உலர்ந்த உதடு. நாடி பார்க்கக் கையை நீட்டியவள், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை கொட்டாவி விட்டாள். தலைவலி, நெஞ்செரிச்சல், நீர் பிரியும்போது கடுப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

நான் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, "அம்மா, இவளோட ஒரு நாள் கணக்கைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றேன்.

காலை 4.30க்கு எழுப்பிவிடுவார். 6.30 வரை படிப்பு. 7.30க்கு வேன். பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு வர மாலை 5.45. உடனே 6.15 முதல் 8.15 வரை ட்யூஷன். சாப்பிட்டுவிட்டு 8.45க்கு உட்கார்ந்தால் ராத்திரி 12 மணி வரை ஹோம் ஒர்க்.

கூட்டிப் பாருங்கள். பள்ளி நேரம் போக, ட்யூஷனையும் சேர்த்துப் படிப்புக்கு மட்டும் ஏழே கால் மணி நேரம். தூக்கம் நாலரை மணி நேரம்! அந்த அம்மாவும் கூட்டிப் பார்த்தார். "ஐயோ, அவ்வளவுதான் தூங்கறாளா?" என்றார். அதுவரை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

எவ்வளவு நேரம் போதும்?

மத்தியக் கல்வி அமைச்சகம் 2020ல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையில் இதற்கு அளவு சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது. 3 முதல் 5ம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம். 6 முதல் 8 வரை தினமும் 1 மணி நேரம். 9 முதல் 12 வரை தினமும் அதிகபட்சம் 2 மணி நேரம். பையின் எடையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். இந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை!

அமெரிக்காவில் பல பள்ளிகள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கின்றன. எத்தனையாவது வகுப்போ அதைப் பத்தால் பெருக்கினால், அத்தனை நிமிடம். பத்தாம் வகுப்புக்கு 100 நிமிடம், பன்னிரண்டாம் வகுப்புக்கு 2 மணி நேரம். அங்கே ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் பலன் தருகிறது. ஆனால் ஏறக்குறைய 2 மணி நேரத்தைத் தாண்டினால் அந்தப் பலன் மேலே ஏறுவதாகத் தெரியவில்லை என்பது அதன் சாரம்.

"சீனாக்காரப் பிள்ளைகள் ராப்பகலா படிச்சுத்தானே முதல்ல வர்றாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2012ல் பல நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த பீசா தேர்வில் ஷாங்காய்தான் முதலிடம். அங்கே வாரத்துக்குச் சுமார் 14 மணி நேர வீட்டுப்பாடம். ஆனால் வாரம் 3 மணி நேரத்துக்கும் குறைவாகச் செய்த பின்லாந்துப் பிள்ளைகளும் சராசரிக்கு மேலேதான் இருந்தார்கள். அந்தச் சீனாவே 2021ல் என்ன செய்தது தெரியுமா? நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் 90 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு போட்டது!

அடக்கக் கூடாத பதினான்கு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் மனப்பாடம் செய்த பாடங்களில் ஒன்று 'பதினான்கு வேகங்கள்'. உடம்பு தானாகக் கேட்கிற, அடக்கினால் நோயாக மாறுகிற பதினான்கு உணர்ச்சிகள். பசி, தாகம், சிறுநீர், கொட்டாவி, தூக்கம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

இப்போது அந்தப் பெண்ணைப் பாருங்கள். வேன் வந்துவிடும் என்று காலைப் பசியை அடக்குகிறாள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூசி, தண்ணீரே குடிக்காமல் தாகத்தையும் சிறுநீரையும் அடக்குகிறாள். ராத்திரி கொட்டாவியையும் தூக்கத்தையும் அடக்குகிறாள். ஒரே நாளில் ஐந்து! தலைவலியும் எரிச்சலும் நீர்க்கடுப்பும் வராமல் என்ன செய்யும்? இரவில் கண் விழித்தால் பித்தம் ஏறும், வாதம் கூடும் என்று எங்கள் மருத்துவத்தில் சொல்வது இதைத்தான்.

நீர்க்கடுப்புக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லி அனுப்பினேன். கிருமித் தொற்று இருந்தது. அதற்கு உரிய மருந்தை ஆங்கில மருத்துவரிடமே வாங்கச் சொன்னேன். இதில் வீண் பிடிவாதம் கூடாது.

தூக்கம் சோம்பேறித்தனம் அல்ல

13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016ல் அறிவித்தது. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைத்துக் கெட்டிப்படுத்துவது தூக்கத்தில்தான். தூங்காமல் படிப்பது, அடி ஓட்டையான குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. 'மண்டையில நிக்கலை' என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகிறது. அதனால் அவர்களுக்குத் தூக்கம் வருவதே நேரமாகும்; காலையில் எழுவதும் கஷ்டம். அதை வைத்து 'சோம்பேறி' என்று திட்டாதீர்கள்.

"அந்தக் காலத்துல நாங்க விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கலையா?" என்று தாத்தாக்கள் கேட்பார்கள். படித்தீர்கள், ஐயா. ஆனால் எட்டரை மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தீர்களே! படுக்கிற நேரத்தை மாற்றாமல் எழுகிற நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் இதில் சறுக்கியவன்தான். என் மகன் பிளஸ் டூ படித்தபோது, மூன்று மணிக்கு எழுப்பி என் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தேன். கணக்குத் தேர்வன்று வினாத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலேயே விட்டுவிட்டு வந்தான். "கண்ணு சொருகிடுச்சுப்பா" என்றான். அந்த ஒரு வார்த்தை இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

இரண்டு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

மாலை வீடு வந்ததும் ஒரு மணி நேரம் புத்தகத்தைத் தொட வேண்டாம். முகம் கழுவி, சுண்டலோ வேர்க்கடலையோ பழமோ சாப்பிட்டு, கொஞ்சம் நடக்கட்டும், விளையாடட்டும்.

6.45 முதல் 7.30 வரை: கடினமான பாடம். கணக்கு, அறிவியல் போல.

7.30 முதல் 8.15 வரை: இரவுச் சாப்பாடு, குடும்பத்தோடு. இட்லி, இடியாப்பம் போல எளிதில் செரிப்பது நல்லது. பரோட்டா இரவில் வேண்டாம்.

8.15 முதல் 9 மணி வரை: எழுத்து வேலை.

9.05 முதல் 9.35 வரை: அன்று படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகப்படுத்திச் சொல்லிப் பார்ப்பது. பத்துத் தடவை வாசிப்பதைவிட, மூடி வைத்துச் சொல்லிப் பார்ப்பது நன்றாக மனதில் பதியும்.

10 மணிக்குத் தூக்கம். காலை 6 மணிக்கு எழுந்தால் 8 மணி நேரம் ஆயிற்று.

ட்யூஷன் உள்ள நாளில் வீட்டுப்பாடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ட்யூஷனும் படிப்புதானே! பொதுத்தேர்வு நெருங்கும்போது கூடுதலாக அரை மணி, ஒரு மணி படிக்கலாம். ஆனால் அந்த நேரத்தை டி.வி.யிலிருந்தும் செல்போனிலிருந்தும் எடுங்கள். தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

மாலை 5 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்த காபியின் வீரியத்தில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ஹோம் ஒர்க்கை ஒரு தாளில் குறித்துக் கொடுத்துவிட்டு, போனை வேறு அறையில் வையுங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபதடி தூரத்தில் உள்ள பொருளை இருபது விநாடி பார்த்தால் கண்ணுக்கு இதம். தலைவலி தொடர்ந்தால் கண் பரிசோதனை அவசியம்.

ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கலாம். சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம். வாரம் ஒரு நாள் வல்லாரைத் துவையல் சாப்பிடலாம், நல்ல கீரை. ஆனால் அதனால் மார்க் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் முடியவில்லையா? டைரியில் 'இரண்டு மணி நேரம் செய்தாள், மீதியை நாளை முடிப்பாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வகுப்பாசிரியரிடம் நேரில் பணிவாகப் பேசுங்கள். ஐந்து பாட ஆசிரியர்கள் தனித்தனியாகக் கொடுக்கும் அரை மணி வேலை வீட்டில் இரண்டரை மணியாகிறது என்பது பல சமயம் அவர்களுக்கே தெரியாது.

பிள்ளை யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது, காரணமில்லாமல் அழுவது, 'நான் எதுக்கு இருக்கணும்' என்பது போலப் பேசுவது இருந்தால், அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

லேகியம் கொடுக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் புது அட்டவணை எழுதிக் கொடுத்தேன். ட்யூஷன் கணக்குக்கு மட்டும், வாரம் மூன்று நாள் என்று அந்த அம்மா குறைத்தார். மனசில்லாமல்தான்.

ஒன்றரை மாதம் கழித்து வந்தார்கள். தலைவலி நின்றிருந்தது. மார்க்? எகிறிவிடவில்லை. ஏறக்குறைய முன்பு வாங்கியதேதான். குறையவும் இல்லை. அதாவது, அந்த நள்ளிரவு மணி நேரங்கள் இத்தனை நாளும் எதையும் சேர்த்துக் கொடுக்கவில்லை!

கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "இப்பல்லாம் சாப்பிடும்போது எங்களோட பேசறா டாக்டர்."

இன்று இரவு நீங்களும் ஒரு தாளை எடுங்கள். உங்கள் பிள்ளையின் இருபத்துநாலு மணி நேரத்தையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். தூக்கம் எட்டு மணிக்குக் குறைந்தால், மருந்துக் கடைக்குப் போக வேண்டாம்; பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள்!