குரூஸ் கன்ட்ரோல் உள்ள காரா? கண்ணைக் கவனியுங்கள்!

முன்னால் போகும் வண்டிக்கு ஏற்பத் தானே வேகத்தைக் குறைத்து, கூட்டிக்கொள்ளும் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் இப்போது எக்ஸ்யூவி 700, வெர்னா, ஹைகிராஸ் என்று நம் தெருவில் நிற்கிற வண்டிகளிலேயே வருகிறது. எஞ்சின் ஆயிலை நாள் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

1. முதலில் உங்கள் வண்டியின் கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரேடார் பெரும்பாலும் லோகோவுக்குப் பின்னால், கிரிலில், அல்லது பம்பரின் கீழ்நடுவில் வழவழப்பான பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். கேமரா முன்கண்ணாடியின் உள்பக்கம், நடுக்கண்ணாடிக்குப் பின்னால். ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் ரேடாரே கிடையாது. எல்லா வேலையும் கேமராவுக்குத்தான். வண்டி கழுவ வருபவரிடமும் இந்த இடங்களைத் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

2. ஆயுத பூஜைக்கு லோகோ மேல் சந்தனத்தைக் குழைத்து அப்ப வேண்டாம். ஈரமும் கெட்டியான பூச்சும் ரேடார் அலையை மங்கச் செய்துவிடும். எங்கள் வீட்டில் அம்மா பானெட்டின் ஓரத்தில் பொட்டு வைக்கிறார். சாமிக்கு அதுவும் வண்டிதானே. மாலை, எலுமிச்சை மிளகாய் எல்லாவற்றையும் ரேடாரை மறைக்காமல் தள்ளிக் கட்டுங்கள்.

3. பிரஷர் வாஷ் குழாயை ரேடாரிடமிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். இரவுப் பயணத்தில் அப்பிய பூச்சிகளைச் சுரண்டாதீர்கள். ஷாம்பு தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டுவைத்தால் தானே ஊறி வந்துவிடும்.

4. ஃபாஸ்டேக், அபார்ட்மென்ட் ஸ்டிக்கர் இரண்டையும் ஒட்டுகிறவர் கை நேராக நடுக்கண்ணாடிப் பக்கம்தான் போகும். கேமரா பார்க்கும் இடத்தை விட்டுத் தள்ளி ஒட்டச் சொல்லுங்கள். கோடு கோடாகத் துடைக்கிற வைப்பர் பிளேடை உடனே மாற்றுங்கள்.

5. பம்பரைக் கழற்றி மாட்டினால் ரேடாரின் கோணத்தைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். சின்ன நசுங்கலுக்கு டிங்கரிங் விட்டேன். பெயின்ட் பளபளவென்று வந்தது, டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அடுத்த வாரம் திண்டிவனம் தாண்டி, என் தடம் காலியாக இருக்கும்போதே கார் திடீரென்று பிரேக் போட்டது. அது பார்த்துப் பயந்தது இடது தடத்தில் போன லாரியை! பின்னால் வந்த பஸ் ஹாரனோடு ஒதுங்கிப் போனதால் தப்பித்தோம். கழற்றிப் பார்த்தால், ரேடாரைத் தாங்கும் பிடிமானம் ஒரு நூல் அளவு வளைந்திருந்தது. ஒரு நூல்தானே என்று விட முடியாது. ரேடார் 1 டிகிரி திரும்பினால் 100 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை 1.75 மீட்டர் விலகிப்போகும். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலமே 3.5 மீட்டர்தான். அதில் சரிபாதி!

6. லோகோ, பம்பர் மேல் பட்டி, தடித்த மெட்டாலிக் பெயின்ட், கடையில் வாங்கிய வேறு லோகோ எதுவும் ரேடாருக்கு முன்னால் வரக்கூடாது. கிராஷ் கார்டு வேண்டவே வேண்டாம். அதற்கு 2017-லேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது.

7. முன்கண்ணாடி மாற்றுகிறீர்களா? கேமரா காலிபரேஷனும் எஸ்டிமேட்டில் இருக்கிறதா, இன்ஷூரன்ஸில் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். சில வண்டிகளுக்குக் குறிப்பிட்ட தூரத்தில் கட்டம் போட்ட பலகையை நிறுத்திச் செய்வார்கள். சிலவற்றுக்கு ஸ்கேனரை மாட்டி, கோடு போட்ட சாலையில் ஓட்டிச் செய்வார்கள். சிலவற்றுக்கு இரண்டும் தேவை. பலகை முறை என்றால் தரை சமமாக இருக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கி காலியாக இருக்க வேண்டும். சரிவான வாசலில் வைத்து "முடிச்சாச்சு சார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, பில்லோடு வையுங்கள்.

8. தரையில் இடிக்கிறது என்று ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்தாலோ, சஸ்பென்ஷன் வேலை செய்தாலோ மூக்கு ஏறி இறங்கி, பார்வையும் மாறும். வீல் அலைன்மென்ட் பார்த்தபின் ரேடாரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

9. குரூஸ் செட் ஆகவே மறுக்கிறதா? பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பிரேக் பெடல் ஸ்விட்ச் பழுதானாலும் இப்படி ஆகும். ரேடார்தான் போயிற்று என்று செலவை இழுத்துவிடாதீர்கள்.

10. மாதம் ஒருமுறை, பகலில், நெரிசல் இல்லாத நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சோதியுங்கள். முன்னால் போகும் கார் ஒரு பாலத்தின் நிழலைத் தாண்டியதிலிருந்து நீங்கள் தாண்டும்வரை, பக்கத்தில் இருப்பவர் செல்போன் ஸ்டாப்வாட்சில் பார்க்கட்டும். 2 விநாடி என்றால் சுமார் 44 மீட்டர் இடைவெளி. அதே செட்டிங்கில் மாதத்துக்கு மாதம் இது மாறினாலோ, திரையில் முன்வண்டிப் படம் வந்து வந்து மறைந்தாலோ சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

11. கொட்டும் மழையிலும் மார்கழிப் பனியிலும் 'சென்சார் மறைந்திருக்கிறது' என்று வந்தால் பழுது என்று பதற வேண்டாம். பத்திரமான இடத்தில் நிறுத்தித் துடையுங்கள். வெயில் வந்தும் போகாவிட்டால்தான் காட்ட வேண்டும்.

12. எல்லாம் சரியாக இருந்தாலும், ஓடுகிற வண்டியைப் பின்தொடரத்தான் இது முக்கியமாகச் செய்யப்பட்டது. அசையாமல் நிற்கும் வண்டிக்கு பிரேக் போடாமலே போய்விடலாம். வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். இரவில் விளக்கில்லாமல் ஓரம் கட்டிய லாரி, எதிர்த்திசையில் வரும் பைக், சுங்கச்சாவடி வரிசை இவற்றுக்கெல்லாம் உங்கள் கால்தான் பிரேக். சுங்கச்சாவடி போர்டு கண்ணில் பட்டதுமே ஸ்டீயரிங்கில் கேன்சல் பட்டனை அழுத்திவிடுங்கள்.