214 கோடியைத் தாண்டிய ஒரு பகா எண்

கேள்வி: 2147483647 பகா எண் என்று கணினி இல்லாத காலத்திலேயே எப்படி உறுதி செய்தார்கள்?

பதில்: வகுத்துப் பார்த்துத்தான். ஆனால், எவற்றாலெல்லாம் வகுக்க வேண்டியதில்லை என்று முதலில் கண்டுகொண்டார் கணிதவியலாளர் ஆய்லர், அதுதான் அழகு.

இந்த எண், 2-ஐ 31 முறை பெருக்கி 1 கழித்தால் வருவது. வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தாலே போதும்; அது சுமார் 46,341. அதுவரையுள்ள பகா எண்களே 4,700-க்கு மேல்! ஆனால் இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 31-இன் இருமடங்கான 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும். சிறிய எண்ணில் சோதித்துப் பாருங்கள்: 2-ஐ 11 முறை பெருக்கி 1 கழித்தால் 2047. அதன் காரணிகள் 23, 89. இரண்டையும் 11-இன் இருமடங்கான 22-ஆல் வகுத்தால் மீதி 1. ஆய்லர் இன்னும் சலித்தார்: 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வரும் பகா எண்கள் மட்டும் போதும். அவற்றில் ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை.

1772-ல் முடிவை அறிவித்தபோது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

இன்று கணினியில் 32 பிட்டுக்குள் அடங்கும் குறியுள்ள முழு எண்களில் மிகப் பெரியதும் இந்த எண்ணே.