கோட்டைக்குள் குடியிருப்பது யார்?



எல்லாரும் அட்லஸில் ஐரோப்பா பக்கத்தைத் திறங்கள். இத்தாலி பூட்ஸ் மாதிரி இருக்கும். அந்த பூட்ஸுக்குக் கிழக்கே ஒடுக்கமாக ஒரு கடல் இருக்கிறதே, அதுதான் ஏட்ரியாடிக் கடல். அதற்கு எதிர்க்கரையில் உள்ள நாடு குரோஷியா. அதன் தெற்குக் கடற்கரைக்கு டால்மேஷியா என்று பெயர். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்த டால்மேஷியன் நாய்க்குப் பெயர் வந்தது இந்த இடத்தில் இருந்துதான்!

"இப்போ உலகமே அங்க சுற்றுலா போகுது, வீடும் வாங்குது. ஏன்னு படிச்சு சுவர் இதழுக்கு எழுது"ன்னு டீச்சர் சொன்னாங்க. படிக்கப் படிக்க எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வெளியூர்க்காரங்க எல்லாரும் வீடு வாங்கிட்டா அந்த ஊர்க்காரங்க எங்கே இருப்பாங்க?

முதலில் ஏன் போகிறார்கள் என்று பார்ப்போம். குரோஷியாவுக்கு 1000-க்கும் மேல் தீவுகள், திட்டுகள் இருக்கின்றன. அதில் சுமார் 50-இல்தான் ஆள் குடியிருக்கிறார்கள். கரையில் பெரும்பாலும் மணல் கிடையாது, சுண்ணாம்புப் பாறையும் கூழாங்கல்லும்தான். அதனால் தண்ணீர் கலங்காமல் கண்ணாடி போலத் தெரியும். ஸ்பிளிட் என்ற ஊரில் ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனை இருக்கிறது. வயசு 1700 வருஷம். அது பூட்டி வைத்த அரண்மனை இல்லை, அதற்குள்ளேயே வீடு, கடை எல்லாம் உண்டு. கோர்ச்சுலா என்ற தீவுக்காரர்கள், மார்க்கோ போலோ எங்க ஊரில்தான் பிறந்தார் என்று சொல்கிறார்கள். வெனிஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். (நம்ம பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதினாரே, அவரேதான்.)

ஆனால் எல்லாவற்றையும் விடப் பேர் பெற்றது டுப்ரோவ்னிக். கடலை ஒட்டிக் கோட்டை மதில், நீளம் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். மதிலுக்குள்ளேதான் பழைய நகரம். நடுத்தெருவில் பதித்த கல் ஆட்கள் நடந்து நடந்தே வழவழன்னு ஆகிவிட்டதாம். ஒரு காலத்தில் இது தனிக் குடியரசாகவே இருந்தது. 1667-இல் பெரிய பூகம்பம் வந்து இடிந்து, திரும்பக் கட்டினார்கள். 1808-இல் நெப்போலியன் ஆட்சியில் அந்தக் குடியரசு முடிந்தது.

1991-இல் குரோஷியா யூகோஸ்லாவியாவை விட்டுப் பிரிந்தபோது போர் மூண்டது. யூகோஸ்லாவியப் படை இந்த ஊரை முற்றுகை போட்டது. அந்த வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதி குண்டு மழைதான். பழைய நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட கட்டடங்கள் அடி வாங்கின. அப்போது ஜனங்கள் தண்ணீர், கரண்ட் இல்லாமல் மதிலுக்குள்ளேயே இருந்தார்கள். போர் முடிந்த பிறகு கூரைக்குப் புது ஓடு போட்டார்கள். இப்போதும் மதில் மேல் நின்று பார்த்தால் பளிச்சென்ற சிவப்பு ஓடு புதுசு, மங்கின ஓடு பழசு என்று அடையாளம் தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் அழகாக இருக்கிறதென்று போட்டோ எடுப்பது இந்த ஓடுகளைத்தான்!

பிறகு வசதிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2005-இல் தலைநகர் ஸாக்ரெப்பில் இருந்து ஸ்பிளிட்டுக்குப் பெரிய நெடுஞ்சாலை. 2013 ஜூலை 1-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தார்கள். 2022-இல் பெல்யெஷாட்ஸ் பாலம். இது எதுக்குன்னா, டால்மேஷியாவின் நடுவில் போஸ்னியா நாட்டுக்குக் கொஞ்சம் கடற்கரை உண்டு. அதனால் டுப்ரோவ்னிக் போக வேறு நாட்டுக்குள் புகுந்து வர வேண்டியிருந்தது. பாலம் வந்ததும் அந்தத் தொல்லை இல்லை. 2023 ஜனவரி 1 முதல் யூரோ பணம், எல்லைச் சோதனையும் எடுத்தாச்சு. அதுவரை அவர்கள் பணத்துக்குப் பேர் குனா. குனா என்றால் கீரி மாதிரி ஒரு பிராணி. அதன் தோலைத்தான் பழைய காலத்தில் வரியாகக் கட்டினார்களாம்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா நாட்டுக்காரர்கள் காரிலேயே வந்துவிடலாம். நம்ம பணமும் அதே யூரோதானே என்று வீடு வாங்குகிறார்கள். வெளிநாட்டில் இருந்து வாங்குகிறவர்களில் இவர்கள்தான் அதிகம். கோடையில் வந்து இருப்பார்கள், இல்லாத நாளில் வாடகைக்கு விடுவார்கள். வீட்டு விலை ஏறுகிறது. உள்ளூர்க்காரர்களும் சும்மா இல்லை. தாத்தா வீட்டைப் பயணிகளுக்கு விட்டுவிட்டு மதிலுக்கு வெளியே குடி போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுற்றுலாதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2023-இல் குரோஷியாவுக்கு வந்த பயணிகள் 2 கோடிக்கும் மேல். அந்த நாட்டு ஜனத்தொகை 2011-இல் சுமார் 43 லட்சம், 2021-இல் சுமார் 39 லட்சம். பிறப்பு குறைந்தது, நிறைய இளைஞர்கள் ஜெர்மனி, அயர்லாந்து என்று வேலைக்குப் போனார்கள். ஹோட்டல் வேலைக்கு இப்போது நேபாளத்தில் இருந்தும் நம்ம இந்தியாவில் இருந்தும் ஆள் போகிறது. டுப்ரோவ்னிக் மதிலுக்குள் 1991-இல் இருந்தவர்கள் சுமார் 5000 பேர். இப்போது 2000-க்கும் கீழே. குண்டு விழுந்தப்பகூட போகாதவங்க, சுற்றுலா வந்ததும் போயிட்டாங்க என்று தோன்றியது எனக்கு.

2016 ஆகஸ்டில் ஒரே நாளில் 10,000 பேருக்கு மேல் மதில் ஏற டிக்கெட் வாங்கினார்கள். அதன்பின் நகராட்சி விழித்துக்கொண்டது. பெரிய கப்பல்கள் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். 2023-இல், சக்கரப் பெட்டியைக் கல் தெருவில் தரதரன்னு இழுக்காதீங்க, தூக்கிட்டுப் போங்க என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். ராத்திரி அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லையாம்.

2025 முதல் நாடு முழுக்க ஒரு வீட்டு வரி வந்திருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு வருஷம் 60 சென்ட் முதல் 8 யூரோ வரை. சொந்தமாகக் குடியிருந்தால் வரி இல்லை, நீண்ட காலத்துக்கு ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டாலும் இல்லை. 60 சதுர மீட்டர் வீட்டுக்குக் கணக்குப் போட்டேன், கூடிப்போனால் 480 யூரோ. கோடை வாடகையில் சில நாளிலேயே அதை எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். டீச்சர் சிரிச்சாங்க, பதில் சொல்லலை.

கடற்கரையை மட்டும் யாரும் வாங்க முடியாது. அலை தொடும் கரை எல்லாருக்கும் பொது என்று அங்கே சட்டம். எத்தனை கோடி கொடுத்து வீடு வாங்கினாலும் வேலி தண்ணீர் வரைக்கும் போகக் கூடாது.

குரோஷியாவில் பத்து வருஷத்துக்கு ஒருதரம் ஜனத்தொகை எடுக்கிறார்கள். அடுத்தது 2031-இல் வர வேண்டும். மதிலுக்குள் அப்போது எத்தனை பேர் என்று பார்க்க, 5000, 2000 இரண்டையும் என் நோட்டில் எழுதிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி