கார்கோவின் மேல் ஓர் உறை

கேள்வி: ரஸ்ட் மொழிக்கான 'கிராஸ்' கருவி, அம்மொழியின் பில்ட் கருவியான கார்கோவின் கட்டளைகளையே ஏற்கிறது. பிறகு எதற்குத் தனிக் கருவி? கட்டளையின் நடுவே தனியாக நிற்கும் '--' என்ன செய்கிறது?

பதில்: கார்கோவே ஓர் உறைதான். நிரலை உண்மையில் கம்பைல் செய்வது ரஸ்ட்சி. 'கார்கோ பில்ட் -வி' என்று ஓட்டினால், கார்கோ அதற்கு அனுப்பும் நீளமான கட்டளைகள் திரையில் ஓடும். 'கிராஸ்' அதற்கும் மேல் போர்த்திய இன்னோர் உறை. இன்டெல் மடிக்கணினியில் அமர்ந்தபடி ராஸ்பெரி பையின் ஆர்ம் சிப்புக்கு நிரல் தயாரிக்க வேண்டுமா? '--டார்கெட்' விருப்பத்தில் அந்தச் சிப்புக்கான டார்கெட்டின் பெயரைத் தந்தால் போதும். தேவையான லிங்கரும் சி நூலகங்களும் அடங்கிய டாக்கர் அல்லது பாட்மேன் கன்டெய்னருக்குள் கார்கோவை அது ஓட்டிவிடும். 'கிராஸ் டெஸ்ட்' என்றால், ஆர்ம் நிரலைக் கியூஇஎம்யூ என்ற எமுலேட்டரின் உதவியோடு அதே மடிக்கணினியில் சோதித்தும் பார்க்கலாம்.

இப்படி நிரல் தயாரிக்கும்போது '--ரிலீஸ்' விருப்பம் இல்லாவிட்டால் கிடைப்பது டெவ் புரொஃபைல்: ஆப்டிமைசேஷன் நிலை 0, பிழைதேடும் தகவல்கள் உண்டு. சேர்த்தால் நிலை 3. கம்பைல் ஆக நேரம் கூடும். நிரல் வேகமாக ஓடும்.

அடுத்தது '--'. அதற்கு முன்னால் இருப்பவை கார்கோவுக்கு, பின்னால் இருப்பவை நிரலுக்கு. 'கார்கோ ரன் --வெர்போஸ்' என்றால் அதிகம் பேசுவது கார்கோ. 'கார்கோ ரன் -- --வெர்போஸ்' என்றால் அந்தச் சொல் உங்கள் நிரலுக்குப் போய்ச் சேரும். 'கார்கோ டெஸ்ட் -- --நோகேப்சர்' என்பதும் அப்படியே. சோதனைகள் அச்சிடும் வரிகளை மறைக்காமல் காட்டச் சொல்லும் ஆணை அது.

சொந்தமாக உறை எழுதுவோருக்கு ஒரு தகவல்: 'கார்கோ-அலசு' என்ற பெயரில் ஒரு நிரலைப் பாத் பட்டியலில் வைத்தால், 'கார்கோ அலசு' என்று அழைக்கலாம். ஆனால் 'அலசு' என்ற சொல்லும் முதல் ஆர்கியுமென்டாக உள்ளே வரும். அதைத் தாண்டிய பிறகே விருப்பங்களைப் படிக்க வேண்டும்.