பள்ளிவாசல் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

குமுளி, வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது மாலத்தீவு வரை சுற்றுலா போகிறார்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் அதன் தலைநகர் மாலே போய்ச்சேர சுமார் ஒன்றரை மணி நேரம்தான். கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தச் சின்ன நாட்டின் கைத்திறனை அதன் பழைய பள்ளிவாசல்களில் காணலாம். முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

1. மாலத்தீவுக்குப் போகும் முன் உள்ளூரில் தொடங்குங்கள். பீருமேட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே பீர் முகம்மது அப்பாவால்தான் என்பார்கள். தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய அந்த சூஃபி தக்கலையில் அடங்கியிருக்கிறார். எருமேலியில் பேட்டை துள்ளும் ஐயப்ப பக்தர்கள் வாவர் பள்ளியை வலம் வந்துவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்கள். பிற மதத்தார் பள்ளிவாசல் படியேறுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம்.

2. நேரம் பார்த்துப் போங்கள். பாங்கு என்னும் தொழுகை அழைப்பு சொன்ன பிறகு வேடிக்கை பார்க்க நுழையக் கூடாது. முற்பகல் நல்ல நேரம். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்து, அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு முன்னாலும் போகலாம். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ என்னும் கூட்டுத் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மாலத்தீவில் வெள்ளி வார விடுமுறை. அந்த வேளையில் கடைகளும் அடைத்திருக்கும். ரமலான் மாதம் என்றால் பகலில் பலர் முன்னால் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ வேண்டாம்.

3. உடையில் கவனம் வேண்டும். ஆண்களுக்கு முழுக்கால்சட்டையோ வேட்டியோ போதும். பெண்கள் கையும் காலும் மறையும் உடையோடு தலைக்கு ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். ஹவுள் என்னும் தொட்டியில் இருப்பது ஒளு செய்வதற்கான, அதாவது தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவுவதற்கான தண்ணீர். அதில் விளையாடக் கூடாது.

4. கேட்டுவிட்டு நுழையுங்கள். பாங்கு சொல்லும் மோதினாரோ தொழுகை நடத்தும் இமாமோ யாராவது இருப்பார்கள். பாலக்காட்டு ராவுத்தர் முஸ்லிம்கள் பலர் வீட்டில் பேசுவது தமிழ்தான். அங்கே தயக்கமில்லாமல் தமிழிலேயே கேளுங்கள். சில பள்ளிகளில் பெண்களை உள்ளே விடுவதில்லை. பிற மதத்தாருக்கு முன் அனுமதி தேவைப்படும் இடங்களும் உண்டு. முடியாது என்றால் வாதாடாமல் வெளியே நின்று பாருங்கள்.

5. எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டிலிருந்து மக்கா மேற்கே இருப்பதால் மிஹ்ராப் என்னும் மாடம் மேற்குச் சுவரில் இருக்கும். அதன் அருகே உள்ள படிமேடை மிம்பர். இமாம் அதில் நின்று பேருரை ஆற்றுவார். உருவங்களைத் தேடாதீர்கள். பூ, கொடி, கோலம், எழுத்து ஆகியவற்றில்தான் சிற்பி தன் திறமையைக் காட்டியிருப்பார்.

6. குவிமாடம் இருந்தால்தான் அழகு என்று எண்ணாதீர்கள். 14ஆம் நூற்றாண்டில் நாகுதா மிஸ்கால் என்ற வணிகர் கட்டிய கோழிக்கோடு மிஸ்கால் பள்ளியில் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை; மரமும் ஓட்டுக்கூரையும்தான். 1510இல் போர்த்துக்கீசியர் தீவைத்த பிறகும் அது எழுந்து நிற்கிறது. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்கள் நம் கோயில் மண்டபங்களைச் செய்த அதே மரபில் வந்தவை. மாலேயின் ஹுகுரு மிஸ்கி பள்ளிவாசல் 1658இல் சுல்தான் இப்ராஹிம் இஸ்கந்தர் கட்டியது; சுவர்கள் பவளக்கல். கடலிலிருந்து எடுத்த ஈரத்தில் அந்தக் கல் மென்மையாக இருக்கும், காய்ந்தால் இறுகிவிடும். அப்படி அறுத்த கற்களைச் சாந்து பூசாமல், தச்சர் மரத்தை இணைப்பதுபோல் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். அந்தந்த ஊரில் கிடைத்ததைக் கொண்டு அந்தந்த ஊர்க் கைகள் கட்டியவை இவை. அழகின் காரணம் அதுதான்.

7. படம் எடுப்பது கடைசி வேலை. முதலில் ஓரமாக உட்கார்ந்து கண்ணால் பாருங்கள். தொழுகிறவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள்; அவருக்கு முன்னால் குறுக்கே நடக்கவும் கூடாது. செதுக்கு வேலைகளைத் தொட்டுத் தடவாதீர்கள். பல ஆயிரம் கைகள் பட்டால் கல்லும் தேயும்.

8. நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். நாம் விருந்தாளிகள், அது தொழுகிறவர்களின் வீடு. நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துத்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவு திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அந்தக் கதவு திறந்தே இருக்கும்படி நடந்துகொள்ளுங்கள், பிள்ளைகளே.